தூணும் அடிக்கல்லும்: மினாங்கபாவ் வீடும் அதை ஆய்ந்தவர்களும்

மலாய் மொழியில் வீட்டுக்கு ‘ரூமா’ என்று பெயர். ஆச்சே மக்கள் அதை ‘ரூமோ’ என்பர். ஜாவாவில் அது ‘ஓமா’. மூன்றும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். பொது மண்டபத்துக்கு மலாயர் வழங்கும் ‘பாலாய்’ என்னும் சொல்லோ இன்னும் நெடுந்தொலைவு பயணம் செய்துள்ளது. ஃபிலிப்பீன்ஸின் தகாலோக் மொழியில் அது ‘பாஹாய்’, சமோவாத் தீவில் ‘ஃபாலே’, ஹவாயில் ‘ஹாலே’. தைவானில் தொடங்கி, மேற்கே மடகாஸ்கர் வரையிலும் கிழக்கே பசிஃபிக் பெருங்கடலின் கடைக்கோடித் தீவுகள் வரையிலும் படகேறிச் சென்ற ஆஸ்திரனேசிய மக்கள் தம்மோடு வீட்டையும் வீட்டைக் குறிக்கும் சொல்லையும் எடுத்துச் சென்றனர். கூரையைக் குறிக்கும் ‘ஆத்தாப்’, அடுப்படியைக் குறிக்கும் ‘டாப்பூர்’ ஆகிய மலாய்ச் சொற்களும் அப்பழைய கருவூலத்தைச் சேர்ந்தவையே. தமிழ்க் கரையிலிருந்து சென்ற வணிகர்கள் மலாய்க்கு அளித்த கட்டடச் சொற்கள் வேறு வகையின: ‘கெடாய்’ நம் கடை, அரண்மனையைக் குறிக்கும் ‘மாஹ்லிகாய்’ நம் மாளிகை. கடையும் மாளிகையும் கடல் கடந்து வந்தன. அடுப்பும் கூரையும் அவர்களுடையவை.

நிலத்தினின்று உயர்த்தி, தூண்களின் மேல் தளம் அமைத்து, இரு முனைகளிலும் ஏறிநிற்கும் செங்குத்தான கூரை வேய்வது இப்பெரும் பரப்பின் பல பகுதிகளில் காணப்படும் பொதுமரபு. அம்மரபில் எது தொடர்கிறது, எது மாறுகிறது என்னும் வினாவை எழுப்பிய நூல்கள் கடந்த சில பத்தாண்டுகளில் பல வந்துள்ளன. அவற்றுள் மூன்றை எடுத்துக்கொண்டு, மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடைய ‘ரூமா கடாங்’ எனப்படும் பெருவீட்டை உரைகல்லாக வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். மினாங்கபாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. முழுமையாக இஸ்லாத்தைத் தழுவிய இச்சமூகம் வீட்டையும் நிலத்தையும் தாய்வழியே கடத்துவது. ஆகவே இங்கு வீடு மரவேலையோடு நின்றுவிடுவதில்லை. ஃபிக்ஹின் வாரிசுரிமைப் பாடத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

முதல் நூல் ராக்ஸானா வாட்டர்சன் 1990இல் வெளியிட்ட ‘வாழும் வீடு’. தென்கிழக்காசிய வீடுகளைப் பற்றி எழுதுவோர் எவரும் இந்நூலைத் தாண்டிச் செல்ல இயலாது. சுலாவெசித் தீவின் தொராஜா மக்களிடையே களப்பணி செய்த ஆசிரியர், இப்பரப்பின் மக்கள் வீட்டை உயிருள்ள ஒன்றாகக் கருதுவதை ஏராளமான சான்றுகளால் நிறுவினார். மரத்துக்கு ஓர் உயிராற்றல் உண்டு. தூணுக்கு அடியும் நுனியும் உண்டு. மரம் காட்டில் வளர்ந்த திசையிலேயே தூணாகவும் நிற்க வேண்டும். தலைகீழாக நட்டால் குடிக்கு ஆகாது. ‘வீடு’ என்பது உறவுமுறையின் பெயர் என்றும் அவர் காட்டினார். தொராஜாவில் ஒருவர் தம் குலத்தைச் சொல்ல வேண்டுமெனில் தம் முன்னோர் பிறந்த வீட்டின் பெயரைச் சொல்வார். அவ்வீட்டில் அவர் ஒருநாளும் வசித்திராவிடினும் அது அவருடையதே. க்ளோட் லெவி-ஸ்ட்ராஸ் முன்வைத்த ‘வீட்டுச் சமூகங்கள்’ என்னும் கருத்தை இப்பரப்பில் விரிவாகச் சோதித்துப் பார்த்தவர்களுள் வாட்டர்சன் முதன்மையானவர்.

இத்தனை சிறப்புடைய நூலில் நமக்குக் குறையாகப்படுவது ஒன்று. மினாங்கபாவும் ஆச்சேயும் மலாயரும் அதில் இடம்பெறுகின்றனர். ஆனால் நூலின் ஆர்வமெல்லாம் முன்னோர் நம்பிக்கையின் பக்கமே சாய்கிறது. அம்மக்கள் பல நூற்றாண்டுகளாக ஓதிய நூல்கள், கேட்ட ஃபத்வாக்கள், தம் வீட்டைப் பற்றித் தமக்குள் நடத்திய நீண்ட வழக்கு ஆகியன அதனுள் வருவதில்லை. இது ஒருவரின் குறை அன்று. ஒரு துறையின் பழக்கம். பழமையைத் தேடிச் செல்பவருக்கு இஸ்லாம் பிற்காலத்தில் பூசப்பட்ட சுண்ணாம்பாகத் தோன்றுகிறது. சுரண்டினால் அடியில் அசல் மரம் தெரியும் என்று அவர் எண்ணுகிறார். மினாங்கபாவ் வீட்டில் அப்படிச் சுரண்டி எடுக்கத்தக்க மேற்பூச்சு எதுவும் இல்லை என்பதே நமது வாதம்.

இரண்டாவது நூல், ஜேம்ஸ் ஃபாக்ஸ் தொகுத்து 1993இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘ஆஸ்திரனேசிய வீடுகளின் உள்ளே’. தலைப்புக்கு ஏற்ப, வெளிக்கோலத்தை விட்டு உள்ளமைப்பைப் பேசும் கட்டுரைகளின் தொகுதி. இதில் சிசிலியா இங் எழுதிய மினாங்கபாவ் கட்டுரை நாம் மீண்டும் மீண்டும் படித்தது. தூண் நிறுத்தும் சடங்கையும், மாப்பிள்ளை கொடுத்தோருக்கு விருந்தளிக்கும் சடங்கையும் அருகருகே வைத்து அவர் வீட்டைப் படிக்கிறார்.

ரூமா கடாங்கின் உள்ளமைப்பை வாசகர்கள் மனத்தில் கொள்வது நலம். வீடு நீளவாக்கில் இரு பகுதிகளாகப் பிரிகிறது. முன்பகுதி தடுப்பற்ற நீண்ட கூடம்; விருந்து, ஆலோசனை, திருமணம், மரணம் அனைத்தும் அங்கே. பின்பகுதியில் வரிசையாகச் சிறு அறைகள். மணமான பெண் ஒவ்வொருத்திக்கும் ஓர் அறை. புதிதாக மணமுடித்தவளுக்கு ஒரு கோடியில் உள்ள அறை கிடைக்கும். அடுத்தவளுக்குத் திருமணமானதும் இவள் அடுத்த அறைக்கு நகர்வாள். இவ்வாறு ஒரு பெண்ணின் ஆயுள், மணவறையிலிருந்து அடுக்களையை நோக்கி நகரும் ஒரு மெதுவான பயணம். ஆண் குழந்தைக்கோ அவ்வீட்டில் அறையே இல்லை. ஏழெட்டு வயதானதும் அவன் இரவில் ‘சூராவ்’ எனப்படும் தொழுகைக்கூடத்துக்குப் படுக்கச் செல்வான். அங்கேயே ஓதுவான், அங்கேயே தற்காப்புக் கலை பயில்வான். மணமானபின் மனைவியின் வீட்டுக்கு இரவில் செல்வான். பகலில் தாய்வீட்டு வயலுக்குத் திரும்புவான். மனைவி வீட்டில் கணவனின் நிலையை, அடிமரத்தின் மேல் கிடக்கும் சாம்பலுக்கு ஒப்பிடுவது அவர்களுடைய பழமொழி, காற்றடித்தால் பறந்துவிடும்.

அரபு மொழி கற்பிப்பவர் என்ற முறையில் இங்கு ஒரு சொல்லை எண்ணாதிருக்க நம்மால் முடியவில்லை. ‘பைத்’ என்பது ‘பாத்த’ என்னும் வினையோடு ஒரே வேரில் நிற்பது. இரவைக் கழித்தல் என்பது அவ்வினையின் பொருள். மினாங்கபாவ் கணவனுக்கு அவன் மனைவியின் வீடு, சொல்லின் நேர்ப்பொருளில், ‘பைத்’; அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சூரா அந்நஹ்ல் வீடுகளை மனம் அமைதியுறும் இடமாகக் கூறுகையில் ஆளும் ‘ஸகன்’ என்னும் சொல்லுக்குரிய இடம் அவனுக்கு எது என்பது எளிதில் விடைகூறத்தக்க வினா அன்று. தாய்வீட்டில் உரிமை உண்டு, அறை இல்லை. மனைவி வீட்டில் அறை உண்டு, உரிமை இல்லை. ‘மெரந்தாவ்’ எனப்படும் வெளியூர்ப் பயணம் மினாங்கபாவ் ஆண்களின் இயல்பாகவே ஆகிவிட்டதற்கு இவ்வீட்டின் வரைபடமே பாதிக் காரணம் என்று தோன்றுகிறது.

சிசிலியா இங்கின் கட்டுரை, வீட்டின் தொடர்ச்சி கூரையில் இல்லை, பெண்கள் அறை மாறும் ஒழுங்கில் இருக்கிறது என்று நமக்கு உணர்த்துகிறது. இதுவே நாம் இக்கட்டுரையில் ஏற்றுக்கொள்ளும் அளவுகோல். ஆனால் அவரும் சூராவின் வாயிலோடு நின்றுவிடுகிறார். மகன் ஏன் வெளியே படுக்கிறான் என்பதைச் சொல்லும் கட்டுரை, வெளியே படுத்தவன் என்ன கற்றான், கற்றதைக் கொண்டு திரும்பிவந்து தாயின் வீட்டைப் பற்றி என்ன கேட்டான் என்பதைச் சொல்வதில்லை.

அவன் கேட்டவற்றுக்குச் செல்லுமுன் தூணின் அடியைப் பார்ப்போம். ரூமா கடாங்கின் தூண் மண்ணில் புதைக்கப்படுவதில்லை. தட்டையான ஒரு கல்லின் மேல் நிற்கிறது. அக்கல்லின் பெயர் ‘சாண்டி’. ஆஸ்திரனேசிய உலகின் பல இடங்களில் தூணை மண்ணில் நட்டுப் புதைப்பதே பழைய முறை. கல்லின் மேல் நிறுத்துவது பிற்பட்டது. அதாவது இன்று ‘பாரம்பரியம்’ என நாம் வியக்கும் வடிவமே முன்னொரு மாற்றத்தின் விளைவு. இம்மாற்றம் மரத்தை ஈரத்தினின்றும் கறையானினின்றும் காத்தது. நிலநடுக்கம் மிகுந்த அம்மண்ணில் அது வேறொரு நன்மையையும் அளித்தது: நிலம் குலுங்கும்போது தூண் கல்லின் மேல் சற்றே நகர்ந்து நிற்கும், ஆணியின்றிப் பொருத்திய மூட்டுகள் நெகிழ்ந்து கொடுக்கும். 2009 செப்டம்பர் 30 அன்று பாடாங் நகரையும் சுற்றுப்புறத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் முறையாக வலுவூட்டப்படாத செங்கற்கட்டடங்களே பெருவாரியாகச் சரிந்தன.

மினாங்கபாவ் சமூகத்தின் அடிப்படை வாக்கியம் இக்கல்லிலிருந்தே பிறக்கிறது. வழக்கம் ஷரீஅத்தின் மேல் நிற்கிறது, ஷரீஅத் இறைவேதத்தின் மேல் நிற்கிறது என்பது அதன் கருத்து; ‘நிற்கிறது’ என்பதற்கு அவர்கள் ஆளும் சொல் ‘பசாண்டி’. சாண்டியாகிய கல்லை அடியில் கொண்டது என்பது பொருள். தச்சரின் சொல் உஸூலின் சொல்லாகிவிட்டது. இவ்வாக்கியத்துக்கு முந்தைய வடிவம் ஒன்றும் உண்டு. அதன்படி வழக்கம் ஷரீஅத்தின் மேலும், ஷரீஅத் வழக்கத்தின் மேலும் நிற்கின்றன. இணக்கத்தைக் கூற எழுந்த அழகான வாக்கியம்தான். ஆயினும் தூண் கல்லின் மேல் நிற்க, கல் தூணின் மேல் நிற்கும் வீட்டை எந்தத் தச்சராலும் கட்ட முடியாது. பிற்கால வடிவம் அக்கோளாறைச் சரிசெய்தது. ஆனால் எந்தத் தூண் எந்தக் கல்லின் மேல் என்ற வழக்கு அத்துடன் தீரவில்லை.

மூன்றாவது நூல் இவ்வழக்கின் வரலாறு: ஜெஃப்ரி ஹாட்லர் 2008இல் வெளியிட்ட ‘முஸ்லிம்களும் தாய்வழித் தலைவியரும்’. மூன்றனுள் இதுவே நம் வினாவுக்கு மிக அருகில் வருவது. வீட்டின் வடிவங்களுக்கென்றே இதில் ஓர் அத்தியாயம் உண்டு. 1803ஆம் ஆண்டு மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகளின் தூண்டுதலால் எழுந்த பத்ரி இயக்கம் தாய்வழி வழக்கத்தை எதிர்த்தது, ஊர்கள் பிளவுண்டன, பெருவீடுகள் எரிந்தன. 1821 முதல் டச்சுக்காரர் போரில் நுழைந்தனர்; 1837இல் போன்ஜோல் கோட்டை வீழ்ந்தது. பாடநூல்கள் இவ்வளவோடு நிறுத்துவது வழக்கம். ஹாட்லரோ, துவாங்கு இமாம் போன்ஜோலின் நினைவுக்குறிப்பை நுணுகிப் படித்து, கோட்டை விழுமுன்பே அவர் மனம் மாறியதைக் காட்டுகிறார். மக்காவுக்கு அனுப்பிய தூதர்கள் திரும்பிவந்து, அங்கு வஹ்ஹாபிகளின் ஆட்சி வீழ்ந்ததையும் கருத்துகள் மாறியதையும் எடுத்துரைத்தனர். இமாம் சபையைக் கூட்டினார், கொள்ளைப்பொருள்களைத் திருப்பியளித்தார், வழக்கத்தின் காரியங்களை வழக்கத்தின் தலைவர்களிடமே விட்டார். தாய்வழி வீடு இஸ்லாத்தின் தாக்குதலுக்குத் தப்பிப் பிழைத்தது என்று கூறுவது தவறு, இஸ்லாமிய வாதத்துக்கு உட்பட்டே, அவ்வாதத்தில் தன் தரப்பை எடுத்துரைத்தே அது உறுதிப்பட்டது என்பது ஹாட்லரின் துணிபு. பெரிதும் ஏற்கத்தக்க துணிபு.

அவ்வாதத்தின் சட்டப்பகுதியை ஹாட்லரைவிடச் சற்று விரிவாக நோக்குவது நம் வாசகர்களுக்குப் பொருத்தம். அஹ்மத் கத்தீப் அல்-மினாங்கபாவி (1860–1916) மஸ்ஜிதுல் ஹராமில் ஷாஃபிஈ இமாமாகவும் கத்தீபாகவும் விளங்கிய பேரறிஞர். முஹம்மதியா இயக்கத்தைத் தொடங்கிய அஹ்மத் தஹ்லானும், நஹ்ளத்துல் உலமாவை நிறுவிய ஹாஷிம் அஷ்அரியும் அவரிடம் பாடம் கேட்டோர். தம் சொந்த மண்ணின் வழக்கத்தை எதிர்த்து அவர் ‘அத்தாயில் மஸ்மூஃ’ என்னும் நூலை எழுதினார். பெற்றோரும் பிள்ளைகளும் இருக்கையில் சகோதரரையும் சகோதரியின் மக்களையும் வாரிசாக்குவோருக்கு மறுப்பு என்பது அதன் தலைப்பிலேயே உள்ளது. ‘புசாக்கா’ எனப்படும் குலச்சொத்து உரிய வாரிசுகளிடமிருந்து பறிக்கப்பட்டது, அதாவது ‘கஸ்ப்’. அதை உண்பது ஹராம் என்பது அவருடைய தீர்ப்பு. அத்தீர்ப்பின்படி ரூமா கடாங்கின் ஒவ்வோர் அறையும் அபகரித்த அறை. அவர் மக்காவிலேயே வாழ்ந்து மறைந்தார்.

அவருடைய மாணவர் ஹாஜி அப்துல் கரீம் அம்ருல்லாஹ் (1879–1945) ஆசிரியரின் தீர்ப்பிலிருந்து விலகினார். ஃபராயிள் என்பது இறந்தவரின் ‘தரிக்கா’வுக்கு உரியது; அவர் எதற்கு உரிமையாளராக இருந்தாரோ அதுவே தரிக்கா. குலச்சொத்துக்குத் தனி உரிமையாளர் எவரும் இல்லை. ஆகவே இறந்தவர் விட்டுச்சென்றதாக அதைக் கொள்ள இயலாது. கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் விற்கவும் வழங்கவும் வாரிசுகள் பங்கிடவும் இடமில்லாதவாறு நிறுத்திவைத்ததைப் போன்றது அது, வக்ஃபை ஒத்தது. மகனார் ஹம்கா (1908–1981) தம் எழுத்துகளில் தந்தையின் இக்கருத்தைப் பரப்பினார். 1952இல் புக்கித்திங்கியில் கூடிய உலமாக்கள், குலத்தலைவர்கள், கற்றறிந்தோர் ஆகியோரின் மாநாடு இதையொட்டி ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: தலைமுறைகளாக வந்த குலச்சொத்து வழக்கத்தின்படி; ஒருவர் தம் உழைப்பால் ஈட்டியது ஃபராயிளின்படி.

நடைமுறைக்கு இது சிறந்த சமரசம். ஆனால் வக்ஃபுடன் செய்த ஒப்புமை முழுமையாகப் பொருந்துகிறதா? ஷாஃபிஈ மத்ஹபில் குடும்ப வக்ஃபு கூடும். பெண்மக்களுக்கே பயன் என்று நிபந்தனை விதிக்கவும் இடமுண்டு. ஆனால் வக்ஃபுக்கு நான்கு தூண்கள் வேண்டும். வக்ஃபு செய்தவர் யார், எந்தச் சொல்லால் செய்தார் என்னும் இரு தூண்களும் இங்கு இல்லை. இன்னொரு தடையும் உண்டு. குலச்சொத்தை அடகு வைப்பதற்கு மினாங்கபாவ் வழக்கம் நான்கு காரணங்களை அனுமதிக்கிறது: வீட்டில் மையித் கிடத்தப்பட்டிருக்க, அடக்கச் செலவுக்குப் பணமில்லாமை, மணமாகாத மகள் வயது வந்திருத்தல், வீழ்ந்துகிடக்கும் குலப்பட்டத்தை உயர்த்துதல், ரூமா கடாங்கின் கூரை ஒழுகுதல். அடகுக்கு உட்படும் பொருள் வக்ஃபு ஆகாது. எனவே ஹாஜி அப்துல் கரீமின் ஒப்புமை கியாஸின் நுட்பத்தில் நொண்டுகிறது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். எனினும் தரிக்காவைப் பற்றிய அவருடைய முதல் வாதம் வக்ஃபைச் சாராமலே நிற்கக்கூடியது. அதற்கு வலுவான மறுப்பு நம் கண்ணில் படவில்லை. ஒழுகும் கூரை, அடக்கம் செய்யக் காத்திருக்கும் மையித்தின் தரத்துக்கு வைத்தெண்ணப்படும் இப்பட்டியல், வீடு உயிருள்ளது என்னும் வாட்டர்சனின் கூற்றுக்கு எந்தச் சடங்கையும்விடச் சிறந்த சான்று. அது அவர் தேடிய இடத்தில் இல்லை. சொத்துச் சட்டத்தில் கிடைக்கிறது.

காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் இவ்விடத்தில் புன்முறுவல் பூக்கக்கூடும். மகளுக்கு வீடு, மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வருதல் என்பது நம் கடற்கரை ஊர்களிலும் உள்ளதே. வேறுபாடு என்னவெனில், இங்கு வீடு மகளின் திருமணத்தோடு பெற்றோர் உயிருடன் இருக்கையிலேயே கைமாறுகிறது. அது ஹிபாவின் பாடம், பிள்ளைகளிடையே சமன் பேணுதல் என்னும் வேறு வினாவைச் சேர்ந்தது. மினாங்கபாவில் எவரும் எவருக்கும் கொடுப்பதில்லை. வீடு அங்கேயே இருக்கிறது, பெண்கள் அதனுள் பிறக்கின்றனர்.

பிறக்காதவனின் கதியை ஹம்காவே ஒரு புதினத்தில் எழுதினார். 1938இல் வெளியான ‘வான் டெர் வைக் கப்பலின் மூழ்கல்’ நூலின் நாயகன் ஸைனுத்தீன், மினாங்கபாவ் தந்தைக்கும் சுலாவெசியைச் சேர்ந்த தாய்க்கும் பிறந்தவன். தந்தையின் ஊருக்கு வருகிறான். அங்கு அவனுக்குத் தாய்வழி இல்லை. ஆகவே வீடும் இல்லை. வீடில்லாதவனுக்குப் பெண் கொடுக்க எவரும் இல்லை. குலச்சொத்தைச் சட்டத்தில் காத்த தந்தையின் மகன், அதன் கொடுமையைக் கதையில் எழுதியுள்ளார். ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் ஒருங்கே படிப்பது அரிதாகவே உள்ளது. சூராவின் கதையையோ ஏ. ஏ. நவிஸ் எழுதினார். ‘எங்கள் சூராவ் சரிந்தது’ என்னும் பொருள்படும் அவரது 1950களின் சிறுகதை, காவலற்றுப்போன தொழுகைக்கூடத்தைக் காட்டுகிறது. மகன்கள் பள்ளிக்கூடத்துக்கும் நகரத்துக்கும் சென்றபின் சூராவில் படுப்பார் இல்லை. பெருவீடும் சூராவும் ஒரே அமைப்பின் இரு பாதிகள் என்பதால் ஒன்று காலியானபோது மற்றதும் காலியாகத் தொடங்கியது. கணவன் பகலிலும் தங்கினான். தம்பதியர் தனி வீடு கட்டினர். சுயோஷி காட்டோ 1982இல் வெளியிட்ட ஆய்வு இம்மாற்றத்தை விரிவாக ஆய்ந்துள்ளது.

வீடு இவ்வாறு காலியாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், எருமைக்கொம்பு போல் இருபுறமும் எழும் அதன் கூரை மட்டும் தனியே கழன்று ஊர் சுற்றத் தொடங்கியது. 1975இல் ஜகார்த்தாவில் திறக்கப்பட்ட தாமான் மினி பூங்கா மாகாணம்தோறும் ஒரு ‘மரபு வீடு’ என்று வகுத்து நிறுத்தியது. மேற்குச் சுமத்ராவுக்கு உரியது கொம்புக் கூரை. பின்னர் ஆளுநர் அலுவலகம், வங்கி, பேருந்து நிலையம், உணவகம் அனைத்தும் சிமென்ட் பெட்டியின் தலையில் அக்கூரையைச் சூடிக்கொண்டன. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பாடாங் உணவு உண்ட நம்மவர் அக்கொம்பைப் பெயர்ப்பலகையில் கண்டிருப்பர். பத்ரிப் போரில் எரிந்த பகாருயுங் அரண்மனையை நினைவுகூரும் பெருமாளிகை 1976இல் எழுந்தது. 2007இல் இடி விழுந்து, கூரை வேய்ந்த கருநார் பற்றியெரிந்தது. 2013இல் மீண்டும் நின்றது. அதன் உள்ளே கான்கிரீட் சட்டம், மேலே செதுக்கிய பலகை. எவளும் அங்கு அறை மாறுவதில்லை. மக்கள் அதைக் காணச் செல்கின்றனர், படம் எடுக்கின்றனர், அதில் தவறில்லை. ஆனால் அதை மரபின் தொடர்ச்சி என்று அரசு வெளியீடுகள் எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை.

ஆச்சேயில் நேர்மாறானது நிகழ்ந்தது. அங்கு பண்டா ஆச்சே பெரிய பள்ளிவாசலின் பல அடுக்குக் கூரை 1873 போரில் எரிந்தது. டச்சு அரசு 1881இல் ஒற்றைக் குவிமாடத்துடன் கட்டிக்கொடுத்தது. பிற்காலத்தார் குவிமாடங்களைப் பெருக்கினர். கிராமத்து மரவீடுகளும் குறைந்து சிமென்ட் வீடுகள் பெருகின. ஆனால் மனைவியை ‘வீட்டின் உடையவள்’ என்று அழைக்கும் பேச்சும், மணமான மகள் தாயின் வளாகத்திலேயே குடியிருக்கும் வழக்கமும் மறையவில்லை. கூரையை மட்டும் காண்பவர் ஆச்சேயில் மரபு அழிந்தது என்றும் மேற்குச் சுமத்ராவில் மரபு தழைத்தது என்றும் எழுதுவார். உண்மை அவ்வளவு எளிதன்று.

கூரையை எடுத்தாண்ட புதிய கட்டடங்களுள் ஒன்றை மட்டும் நாம் விதிவிலக்காகக் கொள்ளலாம்: பாடாங்கில் 2007இல் கால்கோளிட்ட மேற்குச் சுமத்ராப் பெரிய பள்ளிவாசல். ரிஸால் முஸ்லிமின் வரைந்தது. 2021இல் அப்துல்லத்தீஃப் அல்-ஃபவ்ஸான் விருது பெற்றது. குவிமாடம் இல்லை. நான்கு மூலைகளில் உயரும் கூரை, பெருவீட்டின் கொம்பை நினைவூட்டுகிறது. அதே வேளையில், ஹஜருல் அஸ்வதை உரிய இடத்தில் வைப்பது யார் என்று குறைஷியர் பூசலிட்டபோது நபி (ஸல்) அவர்கள் விரித்த துணியையும், அதன் நான்கு முனைகளைத் தலைவர்கள் பற்றித் தூக்கியதையும் குறிக்கிறது. இங்கு கொம்பு தலையில் வைத்த தொப்பியாக இல்லை. வழக்குடைய தரப்பார் அனைவரும் ஒரே துணியைப் பற்றுதல் என்னும் கருத்து, மினாங்கபாவின் வரலாற்றிலிருந்தே எழுந்த கருத்து. 2024இல் இப்பள்ளிவாசலுக்குச் சூட்டிய பெயர் ஷைகு அஹ்மத் கத்தீப் அல்-மினாங்கபாவி. பெருவீட்டின் சொத்துரிமையை ஹராம் என்றுரைத்தவரின் பெயர் பெருவீட்டின் கூரையின் கீழ் எழுதப்பட்டுள்ளது. பெயரிட்டோர் இதை எண்ணிப் பார்த்தனரோ இல்லையோ, துணியின் ஒரு முனை அவருடைய கைக்கும் உரியதுதான்.

ஹாட்லரின் நூலில் நாம் காணும் குறை, அது வழக்கின் கதையைக் காலனிய ஆட்சிக் காலத்தோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வது. 1952இன் உடன்பாடு எந்த முற்றத்தில் இடறுகிறது என்பதை அறிய இன்றைய வீடுகளைப் பார்க்க வேண்டும். மினாங்கபாவ் ஊர்களில் பழைய ரூமா கடாங்குக்கு அருகில், வெளியூர்ப் பணத்தில் கட்டிய செங்கல் வீடு நிற்பது வழக்கமான காட்சி. நிலம் மனைவியின் குலத்தது. உடன்பாட்டின்படி பிரிக்க முடியாதது. வீடு கணவனின் உழைப்பு. உடன்பாட்டின்படி ஃபராயிளுக்கு உரியது. அவன் இறந்தால் அவ்வீட்டில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. அவனுடைய தாய் உயிருடன் இருந்தால் அவளுக்கு ஆறில் ஒரு பங்கு. எஞ்சியது மகனுக்கும் மகளுக்கும். தாயோ வேறு குலத்தவள். அவள் பங்கு வேறொரு குலத்தின் மண்மேல் நிற்கிறது. மகனின் பங்கும் அங்கேயே நிற்கிறது. அவனோ மணமாகி இன்னொரு வீட்டில் இரவு தங்குபவன். சுவரைப் பங்கிடலாம், சுவர் நிற்கும் மண்ணைப் பங்கிட இயலாது. விலைபேசித் தீர்ப்பதா, மகளுக்கு விட்டுக்கொடுப்பதா, மண்ணுக்கு வாடகை கணக்கிடுவதா என்று அம்முற்றத்தில் அமர்ந்து பேசுவோர், தம் தாத்தன்மார் வக்ஃபையும் தரிக்காவையும் பற்றிப் பேசியதையே தொடர்கின்றனர். பின்னால் நிற்கும் பெருவீட்டின் கூரையில் கருநாருக்குப் பதில் துத்தநாகத் தகடு ஏறியிருக்கும், ஒழுக்கு நின்றிருக்கும், அறைகள் பூட்டியிருக்கும். திருமணத்துக்கும் மரணத்துக்கும் கூடத்தைத் திறப்பர்.